தெரிந்தால் வலது கை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். "மவுரீன் டீச்சர்கிட்ட பார்த்துப் பேசுங்க" என்று புதிதாக வருகிற ஆசிரியர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சொல்லட்டும். நான் குறைநீக்கல் ஆசிரியை. வாசிக்க வராத பிள்ளைகளை வகுப்பிலிருந்து பிரித்து என் அறைக்கு அனுப்புவார்கள். நான் அவர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்புகிற வேலை மட்டும் ஒழுங்காக நடக்கிறது. திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் யாருக்கும் மனசில்லை.

எங்கள் தமிழ்ப்பள்ளி புக்கிட் பெலிம்பிங் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது நம் ஆட்கள் அதிகம் இல்லை. எல்லோரும் டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற பயம் எங்கள் தலைமையாசிரியர் தேவதாஸுக்குச் சாப்பிடும்போதுகூட உண்டு. வருடக் கடைசியில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்பார்.

ரூபினியை அப்படிக் கேட்டு வாங்கியதுதான். அவள் அம்மா குமுதாவுக்கு கோலா சிலாங்கூரில் கெரோப்போக் என்கிற மீன் அப்பளம் போடும் ஒரு தொழிற்சாலையில் வேலை. கணவர் இல்லை. வீட்டுக்குப் பின்னாலேயே மலாய்ப் பள்ளி இருக்கிறது. அங்கேதான் சேர்ப்பதாக இருந்தாள். தேவதாஸ் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மைலோவைக் குடித்துக்கொண்டே, "எங்க பள்ளியில ஒவ்வொரு பிள்ளையும் எங்க சொந்தப் பிள்ளைம்மா" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். குமுதா நம்பினாள்.

முதலிரண்டு வருடம் ரூபினிக்கு எழுத்து பிடிபடவே இல்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் திடீரென்று பிடிபட்டது. ஏன் அன்றைக்கு, ஏன் அதற்கு முந்தின நாள் இல்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பார்ப்பதையெல்லாம் வாசித்தாள். கேண்டீன் பலகை, கழிப்பறைக் கதவு, என் கைப்பை என்று எதையும் விடவில்லை. வரிக்குக் கீழே விரல் வைத்து, நத்தை போலத்தான் போவாள். ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவாள். சேர்ந்ததும் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் நூறு பேரிடம் சண்டை போடத் தயார்.

அந்த நேரத்தில்தான் ஆய்வாளர் வந்தார். பெயர் சசிகுமார். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். சிரித்த முகம், மரியாதையான பேச்சு. ஆசிரியர்கள் எதை நம்புகிறார்கள், வகுப்பில் என்ன செய்கிறார்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்பது அவருடைய ஆய்வு. முதலில் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஒரு வினாநிரல் கொடுத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். முழுக்க மறுத்தால் ஒன்று, முழுக்க ஒப்புக்கொண்டால் ஐந்து. வட்டம் போட வேண்டும், அவ்வளவுதான். கொடுத்துவிட்டு அவர் கேண்டீனுக்கு நாசி லெமாக் சாப்பிடப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தேவதாஸ் எழுந்தார். "படிச்சுக்கிட்டு உக்காராதீங்க. எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுடுங்க. பள்ளிக்கூடத்துப் பேரு முக்கியம்."

போட்டார்கள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், பிள்ளைகளிடம் 'கேள்வியை நன்றாகப் படித்துவிட்டு எழுதுங்கள்' என்று நாள் தவறாமல் சொல்கிறவர்கள், மளமளவென்று ஐந்து ஐந்தாகச் சுழித்துத் தள்ளினார்கள். நான் ஒருத்திதான் படித்தேன். அதனால் கடைசியாக முடித்தேன்.

அடுத்த வாரம் சசிகுமார் அதே சிரிப்போடு வந்தார்.

"சார், ஒரு சின்னப் பிரச்சனை. இதுல சில வாக்கியங்கள வேணும்னே தலைகீழா வச்சிருப்போம். படிக்காம போடறவங்கள கண்டுபிடிக்கத்தான். 'எல்லா மாணவர்களாலும் கற்க முடியும்'னு ஒன்னு இருக்கு. அதுக்கு எல்லாரும் அஞ்சு. சந்தோஷம். கொஞ்சம் தள்ளி, 'சில மாணவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது'ன்னு இருக்கு. அதுக்கும் அஞ்சு போட்டிருக்கீங்க. ஒருத்தரத் தவிர."

அறையே சிரித்தது. தேவதாஸ்தான் உரக்கச் சிரித்தார். "கவனக்குறைவுதான். பரவால்ல சார். இன்னொரு தடவ நிதானமாப் போட்டுக் கொடுத்துடுங்க" என்று சசிகுமார் புதுத் தாள்களை நீட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் சார் மறுபடியும்? முதல்ல போட்டதுதானே உண்மை?" என்றேன்.

சிரிப்பு நின்றது. சசிகுமார் என்னைப் பார்த்தார். பிறகு, "டீச்சர் நல்லா ஜோக் அடிக்கிறாங்க" என்றார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நான் ஜோக் அடிக்கவில்லை. வாயால் சொல்லும்போது முதல் வாக்கியம், வகுப்புக்குள் போனால் இரண்டாவது வாக்கியம். இந்தப் பள்ளியில் நான் நாள்தோறும் பார்ப்பது அதைத்தான். கை தவறிப் போட்ட வட்டத்தில் உண்மை வெளியே வந்து நின்றது. அதைத் தேடித்தான் அந்த மனிதர் அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தார். வந்து, அதைத் திருத்தித் தரச் சொன்னார்!

அடுத்த கட்டம், ஒரு பாடத்தைப் படம் பிடிப்பது. அந்தப் படத்தை மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியில் மாதிரிப் பாடமாகப் போட்டுக் காட்டுவார்களாம். தேவதாஸ் யோசிக்கவே இல்லை. பிரமிளாவைக் கைகாட்டினார்.

பிரமிளா மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியை, ரூபினியின் ஆசிரியை. கெட்டவள் என்று சொல்லமாட்டேன். ஓடுகிற பிள்ளைகளை இன்னும் வேகமாக ஓடவைக்கத் தெரிந்தவள். அலமாரி நிறைய கேடயம் வைத்திருக்கிறாள். அவளிடம் ஒரு தந்திரம் உண்டு. வெளியாள் வந்து உட்கார்ந்தால், கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. பிரமிளா வலது கைகளை மட்டும் கூப்பிடுவாள். பின்னால் உட்கார்ந்து பார்க்கிற அதிகாரிக்கு எல்லாப் பிள்ளைகளும் துடிப்பாகத் தெரிவார்கள். கூப்பிட்டவன் நடுவில் திக்கிவிட்டால் மற்றவர்கள் ஒரே குரலில் முடித்துவைக்க வேண்டும். இதற்குப் பெயர் ஈடுபாடாம்.

அந்த வாரம் முழுக்க ஒரே பாடத்தை ஒத்திகை பார்த்தார்கள். மின்மினிப் பூச்சிகள். கோலா சிலாங்கூர் ஆற்றங்கரை அதற்குத்தான் பேர்போனது; வெளியிலிருந்து ஆள் வந்தால் நமக்கு வேறெதுவும் தோன்றாது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதுகூடப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

தேவதாஸ் என்னை அறைக்கு அழைத்தார். "டீச்சர், படம் புடிக்கிற அன்னிக்கு மூனாம் ஆண்டுல உங்க புள்ளைங்க நாலு பேர் இருக்காங்களே, அவங்கள மூலிகைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

"எங்க புள்ளைங்களா? வருகைப் பதிவு எடுக்கறப்போ பிரமிளாவோட புள்ளைங்க. எண்ணிக்கை காட்டறப்போ உங்க புள்ளைங்க. கேமரா வந்தா மட்டும் என் புள்ளைங்களா சார்?"

"கோவப்படாதீங்க லா. அரை மணி நேரம்தான்."

"ரூபினி இப்ப வாசிக்கறா. நீங்க வந்து கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பிரமிளாவை வரச்சொன்னார். அவள், "வாசிக்கறா, இல்லன்னு சொல்லல. ஆனா அவ ஒரு வரி முடிக்கறதுக்குள்ள பாடமே முடிஞ்சிடும் டீச்சர்" என்றாள். நான் விடவில்லை. கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவதாஸ் கையைத் தூக்கினார். "சரி, ரூபினி மட்டும் உக்காரட்டும். ஒரு வரி வாசிக்கட்டும். போதுமா?"

போதாதுதான். ஆனாலும் ரூபினியிடம் சொன்னேன். அவள் வேன்காரரிடம் சொன்னாள், கேண்டீன் அக்காவிடம் சொன்னாள், அம்மாவிடம் எத்தனை தடவை சொன்னாளோ. குமுதா வேலைக்கு லீவு போட்டுவிட்டாள்.

அன்று காலையில் குமுதாவே அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டாள். இரட்டைப் பின்னல், சலவை மடிப்புக் கலையாத சீருடை, வெள்ளைக் காலுறை. குமுதா அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் என் அறைக்குப் போய் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குமுதா என் வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், பாப்பாவ ஏன் வெளியில செடிக்குத் தண்ணி ஊத்த விட்டிருக்காங்க?"

ஓடினேன். மூலிகைத் தோட்டத்தில் நாலு பிள்ளைகளும் நின்றார்கள். ரூபினி கையில் பூவாளி. காலுறை முழுக்கச் சேறு.

"ஹெட்மாஸ்டர் சொன்னாரு டீச்சர். செடி வாடிடுமாம்."

முந்தின இரவு மழை கொட்டியிருந்தது. பாத்தியில் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரின் மேல் அவள் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பொய் சொல்வதென்றாலும் பிள்ளைக்கு நம்பும்படியாக ஒரு பொய் சொல்லலாம் இல்லையா? அந்த மரியாதைகூட இல்லை.

"பூவாளியைக் கீழ வை. நாலு பேரும் வாங்க" என்றேன்.

மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வெளியே நடைபாதையில் நாலு மேசையும் நாலு நாற்காலியும் அடுக்கிக் கிடந்தன. ஆளை மட்டுமில்லை, அவர்கள் உட்கார்ந்த இடத்தையும் வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். ரூபினி தன் மேசையை அடையாளம் கண்டு அதைத் தொட்டாள். இரண்டு நாற்காலிகளை நான் தூக்கினேன். மற்ற இரண்டைக் குமுதா தூக்கினாள்.

கதவைத் திறந்து உள்ளே போனேன். பிரமிளா பாதி வாக்கியத்தில் நின்றாள். பின்னால் கேமராவுக்குப் பக்கத்தில் சசிகுமார், அவருக்குப் பக்கத்தில் தேவதாஸ். நாற்காலிகளைத் தரையில் இழுத்துப் போட்டேன். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். குமுதா வெளியே போய் ஜன்னலோரம் நின்றாள். தேவதாஸின் முகத்தை நான் பார்க்கவில்லை; பார்த்திருந்தால் அப்போதே ஏதாவது சொல்லியிருப்பேன்.

பிரமிளா கெட்டிக்காரி. சிரித்துச் சமாளித்துப் பாடத்தைத் தொடர்ந்தாள். "அடுத்த வரியை யார் வாசிக்கிறீங்க?"

வகுப்பு முழுக்கக் கைகள் எழுந்தன. ரூபினியும் தூக்கினாள். வலது கை. காதோடு ஒட்டி, விரல் நுனி வரை விறைப்பாக, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றபடி. பிரமிளா பார்த்தாள். பார்த்துவிட்டு வேறொருத்தியைக் கூப்பிட்டாள். அடுத்த வரிக்கும் ரூபினி கை தூக்கினாள். பிரமிளாவின் கண் அவள் மேல் பட்டு நகர்ந்தது. மூன்றாவது வரிக்கு அவள் இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தூக்கினாள்.

என்னால் தாங்க முடியவில்லை.

"பிரமிளா, ரூபினி கை தூக்கியிருக்கா. வலது கை."

பிரமிளாவின் முகம் செத்தது. சசிகுமார் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். "வலது கைன்னா?"

முன்வரிசைப் பையன் ஒருவன் உற்சாகமாக எழுந்தான். "தெரிஞ்சா வலது கை சார்! தெரியாட்டி இடது கை!"

இனி இந்த மனிதருக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் கேட்ட கேள்விக்கு அவர் கண் முன்னாலேயே விடை கிடைத்துவிட்டது. பிரமிளா மெதுவாக, "ரூபினி, வாசிம்மா" என்றாள்.

ரூபினி எழுந்தாள். வரிக்குக் கீழே விரலை வைத்தாள். "மின்மினிப்... பூச்சிகள்... ஆற்றங்... கரை..." குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "மரங்களில்..." மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிச் சொல்லுக்கு விரலை நகர்த்தினாள்.

"வாழ்கின்றன!" என்று வகுப்பு முழுக்கக் கத்தியது. பழக்கிய பழக்கம். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ரூபினி விரலை எடுக்காமல் நின்றாள். அந்தச் சொல் அவளுடையது. அதை அவள் வாசித்திருப்பாள், இன்னும் இரண்டு மூச்சில் வாசித்திருப்பாள். வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

சசிகுமார் தேவதாஸிடம் குனிந்து, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "கவலப்படாதீங்க சார். இந்தப் பகுதிய எடிட் பண்ணி எடுத்துடலாம். பாடம் நல்லா வந்திருக்கு."

"எத சார் எடுக்கப் போறீங்க?" நான் கத்தினேன். "உங்க ஆராய்ச்சியில உண்மையா நடந்தது அது ஒன்னுதான். அத எடுத்துட்டு மிச்சத்த மாவட்டம் முழுக்கக் காட்டுவீங்களா? எல்லா ஆசிரியருக்கும் இதத்தான் சொல்லித்தரப் போறீங்களா, மேசையத் தூக்கி வெளிய போடறதுக்கு?"

"டீச்சர், படத்துக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கு..." என்று ஆரம்பித்தார். படித்த மனிதர். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

குமுதா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. ரூபினியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வா பாப்பா" என்றாள்.

அதன் பிறகு ரூபினி பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கு மாற்றக் குமுதா மனு கொடுத்துவிட்டாள் என்று தெரிந்ததும் தேவதாஸ் காரை எடுத்தார். "வாங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பாங்க. ஒரு புள்ள போனா பின்னாலேயே பத்து புள்ள போகும்."

"அன்னிக்கு அவ இல்லாட்டித்தான் பாடம் நல்லா இருக்கும்னீங்க. இன்னிக்கு அவ இல்லாட்டி பள்ளிக்கூடமே இருக்காதா?"

அவர் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். நான் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு ரூபினியைப் பார்க்க வேண்டும்.

அதே நாற்காலியில் தேவதாஸ் உட்கார்ந்தார். இந்தத் தடவை மைலோ வரவில்லை. தாய்மொழி என்றார், பண்பாடு என்றார், இனத்தின் எதிர்காலம் என்றார். குமுதா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் என்னைப் பார்த்தாள்.

"மவுரீன் டீச்சர், நீங்க சொல்லுங்க. அன்னிக்கும் இவரு பேசறப்போ நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. பாப்பாவ திருப்பி அனுப்பலாமா?"

தேவதாஸ் என் பக்கம் திரும்பினார். அனுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அனுப்பாதே என்றால் தமிழில் வாசிக்கிற என் ரூபினி என்னை விட்டுப் போய்விடுவாள். "உன் புள்ளம்மா. நீ என்ன முடிவு பண்ணாலும் தப்பில்ல. நான் இவருக்காகப் பேச வரல" என்றேன்.

அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ரூபினி வெளியே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபம் எதுவும் இல்லை அவளிடம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"டீச்சர், புதுப் பள்ளிக்கூடத்துலயும் படம் புடிக்க வருவாங்களா?"

"வரலாம் கண்ணு."

"வந்தா நான் எங்க போய் நிக்கணும்? அங்க தோட்டம் இல்லியே."

குமுதா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ரூபினியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டேன். "எங்கயும் போகக்கூடாது. உன் இடத்துல உக்காரணும். யார் வந்தாலும் உன் இடத்துலதான் உக்காரணும். கேட்டுச்சா?"

அவள் தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை. என் தோளுக்கு மேலாக எட்டி, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

"உக்காரலாமா சார்?"

தேவதாஸ் தரையைப் பார்த்தார். நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"புள்ள கேக்குதுல்ல. சொல்லுங்க சார்."